கார்கோ ஸ்க்ரீனராக இருந்து அவ்செக் ஆடிட்டர் ஆக வழி என்ன?

திருச்சி_கார்கோ:

வணக்கம். ரெகுலேட்டட் ஏஜென்ட் (விமானச் சரக்கைச் சோதித்து ஏர்லைனிடம் ஒப்படைக்க அனுமதி பெற்ற) நிறுவனம் ஒன்றில் கார்கோ ஸ்க்ரீனர் வேலை பார்க்கிறேன். படிப்பு பி.எஸ்சி. இயற்பியல். அவ்செக் (விமானப் பாதுகாப்பு) பேசிக், ஸ்க்ரீனர் சான்றிதழ் இரண்டும் நடப்பில் உள்ளன. அடுத்து ஆடிட் பக்கம் போக வேண்டும் என்று ஆசை. இணையத்தில் தேடினால் ‘5 நாளில் ஏவியேஷன் செக்யூரிட்டி ஆடிட்டர்’ என்ற ஆன்லைன் வகுப்பு விளம்பரங்கள்தான் வருகின்றன. கட்டணமும் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தச் சான்றிதழுக்கு இங்கே மதிப்பு உண்டா? பி.சி.ஏ.எஸ்.-இல் (சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம்) நேரடியாகச் சேர முடியுமா, இல்லை ஏர்லைன் வழியாகத்தான் போக வேண்டுமா? ஆடிட்டர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதும் எங்கள் ஷெட்டில் இருந்து பார்த்தால் சரியாகப் புரியவில்லை. வருகிறார்கள், பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள், நாலு கேள்வி கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள். துறையில் இருப்பவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரன்வே_07:

தம்பி, அந்த வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். இந்திய விமான நிலையத்தில் ஆடிட்டராக வேலை செய்யச் செல்லுபடியாகும் தகுதி பி.சி.ஏ.எஸ். அங்கீகரித்த பயிற்சி வழியாகத்தான் வரும். அந்தப் பயிற்சிக்கு நாமாகப் போய்ப் பெயர் கொடுக்க முடியாது. வேலை பார்க்கும் நிறுவனம் பெயரைப் பரிந்துரைத்து அனுப்ப வேண்டும்; பின்னணிச் சரிபார்ப்பும் முடிந்திருக்க வேண்டும். ஏர்லைன்களின் சர்வதேச அமைப்பான ஐயாட்டா நடத்தும் பாதுகாப்பு மேலாண்மைப் படிப்புகள் யாரும் சேரக்கூடியவை, பாடமும் நல்ல பாடம். ஆனாலும் அவை அறிவுக்கு உதவுமே தவிர, பி.சி.ஏ.எஸ். சான்றிதழுக்கு மாற்றாகாது.

அடுத்தது பி.சி.ஏ.எஸ். பற்றி. 1976 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்ட பிறகு பாண்டே கமிட்டி பரிந்துரைத்து, 1978 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ.-வுக்குள் (சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) ஒரு பிரிவாக இது தொடங்கியது. 1985-இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்ட பிறகு, 1987 ஏப்ரல் 1 முதல் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் தனித் துறை ஆனது. அதன் ஆடிட்டர்களும் இன்ஸ்பெக்டர்களும் அரசு அதிகாரிகள். அந்தப் பணியிடங்களில் பெரும்பகுதி மாநிலக் காவல்துறை, மத்திய ஆயுதப் படைகள் போன்றவற்றில் இருந்து அயற்பணியில் வருபவர்களால் நிரம்புகிறது. தனியார் நிறுவன ஸ்க்ரீனர் நேராக அங்கே போய்ச் சேருவதற்கான வாய்ப்பு மிகக் குறுகியது. வேலைவாய்ப்பு அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள், ஆனால் அதையே நம்பி உட்கார வேண்டாம்.

உங்களுக்கு அகலமாகத் திறந்திருக்கும் கதவு ‘இன்டர்னல் குவாலிட்டி கன்ட்ரோல்’, சுருக்கமாக க்யூ.சி. ஏர்லைன், விமான நிலைய நிறுவனம், கிரவுண்ட் ஹேண்ட்லிங், கேட்டரிங், ரெகுலேட்டட் ஏஜென்ட் என்று ஒவ்வொன்றும் பி.சி.ஏ.எஸ். ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. அந்தத் திட்டத்தில் எழுதியபடி வேலை நடக்கிறதா என்று தன்னைத் தானே சோதித்துக்கொள்ள ஆள் தேவை. வேலை விளம்பரத்தில் ‘ஆடிட்டர்’ என்று தேடினால் அதிகம் கிடைக்காது. ‘எக்ஸிக்யூட்டிவ் – செக்யூரிட்டி குவாலிட்டி’, ‘செக்யூரிட்டி கம்ப்ளையன்ஸ்’, ‘அவ்செக் க்யூ.சி.’ என்று தேடிப் பாருங்கள். வழக்கமான ஏணி: ஸ்க்ரீனர், ஷிஃப்ட் சூப்பர்வைசர், அவ்செக் சூப்பர்வைசர் பயிற்சி, அதற்குப் பிறகு க்யூ.சி. செல். ஆடிட்டர் பயிற்சிக்கு நிறுவனம் பெயர் அனுப்புவது பெரும்பாலும் நீங்கள் அந்த செல்லுக்குள் வந்த பிறகுதான்.

நான்கு சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.-வின் விமானப் பாதுகாப்புத் தரநிலைத் தொகுப்பு அன்னெக்ஸ் 17 இவற்றைத் தனித்தனியாக வரையறுக்கிறது. ஆடிட் என்றால் தேசிய விமானப் பாதுகாப்புத் திட்டம் நடைமுறையில் இருக்கிறதா என்று எல்லாப் பகுதிகளையும் ஆழமாகப் பார்ப்பது. இன்ஸ்பெக்ஷன் என்றால் ஒரு ஏர்லைனோ விமான நிலையமோ தனக்குரிய பகுதியைச் செய்கிறதா என்று பார்ப்பது. சர்வே என்றால் எங்கே ஓட்டை இருக்கிறது, என்ன பாதுகாப்பு தேவை என்று மதிப்பிடுவது. டெஸ்ட் என்றால் சட்டவிரோதச் செயலைப் போலவே ஒன்றை, சொல்லியோ சொல்லாமலோ, நடத்திப் பார்ப்பது. உங்கள் ஷெட்டுக்கு வந்து பதிவேடு புரட்டுபவர்கள் பெரும்பாலும் செய்வது இன்ஸ்பெக்ஷன்.

படிக்க: விமானப் பாதுகாப்பு விதிகள் 2023 அரசிதழில் வெளிவந்தவை, யாரும் படிக்கலாம். 2011 விதிகளுக்குப் பதிலாக வந்தவை. அன்னெக்ஸ் 17 விலைக்குக் கிடைக்கிறது. ஐ.சி.ஏ.ஓ. டாக் 8973 கையேடும் தேசியத் திட்டமும் கட்டுப்படுத்தப்பட்ட ஆவணங்கள். அவற்றை அலுவலகத்தில், உங்களுக்கு உரிய அனுமதியோடு மட்டும் படியுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பி.டி.எஃப். எதையும் தொடாதீர்கள்.

மீனாட்சி_க்யூசி:

வழியை ரன்வே சார் சொல்லிவிட்டார். வேலை என்ன என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் பதிவேடு புரட்டுவதுதான் ஆடிட் என்ற எண்ணத்தோடு வருபவர்களே இந்த வேலையில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

ஒரு விஷயம் நடந்ததாகத் தாள் சொல்கிறது. அது நடந்ததா என்பதை, அந்தத் தாளை எழுதியவரின் கை படாத வேறொரு சான்றால் உறுதி செய்வதுதான் ஆடிட். உங்கள் ஷெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-ரே இயந்திரத்துக்கு தினமும் சி.டி.பி. (படத் தெளிவைப் பார்க்கும் சோதனைப் பெட்டி) சோதனை செய்து பதிவேட்டில் எழுதுகிறீர்கள். ஆடிட்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்து ‘சரி’ என்று குறித்தால் அவர் எதையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவை வேறு. ஷெட்டில் எத்தனை சி.டி.பி. பெட்டி இருக்கிறது? ஒன்றுதான் என்றால், 4 இயந்திரங்களுக்கும் காலை 06.00 என்று ஒரே நேரம் எழுதியிருப்பது எப்படி? இயந்திரத்தில் சேமித்த சோதனைப் படத்தின் நேர முத்திரை என்ன? அன்று முதல் சரக்கு எத்தனை மணிக்கு பெல்ட்டில் ஏறியது? இயந்திரத்தின் கடிகாரமே தவறாக ஓடுகிறதா? இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உண்மை தானாக வெளியே வரும்.

அதன் பிறகு சோதனையை ஸ்க்ரீனரையே செய்யச் சொல்லி, அருகில் நின்று பேசாமல் பாருங்கள். பெட்டியை எப்போதும் பெல்ட்டின் நடுவில் மட்டும் வைக்கிறாரா? மெல்லிய கம்பிகள் திரையில் எதுவரை தெரிகின்றன என்று கேட்டால் கையால் காட்ட முடிகிறதா? உலோகப் படிகளுக்குக் கீழே இருக்கும் கம்பி தெரியவில்லை என்றால் யாரிடம் சொல்ல வேண்டும், அதுவரை இயந்திரத்தை நிறுத்தி வைக்க அவருக்கு அதிகாரம் உண்டா? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது. பெரிய ஃபைண்டிங் (ஆடிட்டில் பதியும் குறை) கிடைப்பதும் அங்கேதான்.

பயணிகள் பக்கம் போனால் டிப் தரவைப் பாருங்கள். பொய்யான அச்சுறுத்தல் படங்களை நிஜப் பெட்டிகளுக்கு நடுவே நுழைத்து ஸ்க்ரீனர் கண்டுபிடிக்கிறாரா என்று அளக்கும் வசதி அது. திரையைத் தொடர்ந்து பார்ப்பதற்கு 20 நிமிடம்தான் பொதுவான வரம்பு. லாகின் பட்டியலில் ஒரே ஐ.டி. 3 மணி நேரம் தொடர்ந்து இருந்தால் இரண்டில் ஒன்று நிச்சயம்: ஆள் மாறவில்லை, அல்லது ஆள் மாறியும் லாகின் மாறவில்லை. இரண்டாவதாக இருந்தால் அந்த டிப் மதிப்பெண் யாருடையது என்பதே தெரியாது. தரவு முழுவதும் பயனற்றதாகிறது. எது நடந்தது என்பதை சி.சி.டி.வி. சொல்லும்.

சி.சி.டி.வி.யை ‘ஓடுகிறதா’ என்று திரையைப் பார்த்துச் சோதிப்பது வீண். திட்டத்தில் எத்தனை நாள் பதிவு வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறதோ, அந்த வரம்பின் கடைசி நாளுக்கு முந்தைய நாளை எடுத்து, குறிப்பிட்ட கேமரா எண், குறிப்பிட்ட நேரம் சொல்லி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் ஹார்டு டிஸ்க் நிரம்பி நடுவில் மேலெழுதியது, இரவில் கேமரா முகம் திரும்பியது, நேரம் 11 நிமிடம் பின்தங்கியது எல்லாம் வெளியே வரும்.

ஏ.இ.பி. (விமான நிலைய நுழைவு அனுமதி) அட்டைகளுக்கு இதே முறைதான். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்தால் போதாது. எச்.ஆர். பிரிவிடம் கடந்த 6 மாதத்தில் வேலையை விட்டவர்கள், இடமாற்றம் ஆனவர்கள் பட்டியலை வாங்குங்கள். நுழைவுக் கட்டுப்பாட்டு அமைப்பில் செயலில் உள்ள அட்டைகளின் பட்டியலைத் தனியாக வாங்குங்கள். இரண்டையும் எக்செல்லில் ஒப்பிடுங்கள். இரண்டு பட்டியலிலும் இருக்கும் ஒவ்வொரு பெயரும் ஒரு ஃபைண்டிங். பட்டியலை ஒரே பிரிவிடம் கேட்டு வாங்கினால் இது வெளியே வராது. அதனால்தான் இரண்டு இடத்தில் கேட்கச் சொல்கிறேன்.

சுற்றுச்சுவரை வண்டியில் போய்ப் பார்ப்பவர்கள் சுவரின் உயரத்தை மட்டும் பார்ப்பார்கள். இறங்கி நடங்கள். வெளிப்பக்கம் கொட்டிய கட்டட மண், சுவரை ஒட்டி வளர்ந்த வேம்பு, மழைநீர்க் கால்வாயில் துருப்பிடித்த கம்பி வலை இந்த மூன்றும் காகிதத்தில் வரவே வராது.

இன்னொன்று, மாற்று ஏற்பாடு. இயந்திரம் பழுதானால் என்ன செய்வீர்கள் என்று கேட்காமல் எந்த ஆடிட்டும் முடியக்கூடாது. கனிஷ்கா விசாரணையில் வெளிவந்த விஷயம் இது. 1985 ஜூன் 22 அன்று டொராண்டோவில் பெட்டிகளைச் சோதித்த எக்ஸ்-ரே இயந்திரம் நடுவில் பழுதாகி, மீதிப் பெட்டிகளைக் கையடக்க மோப்பக் கருவியால் பார்த்தார்கள். கருவி ஒலி எழுப்பியும் பெட்டி போனது, ஒலிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெளிவான பயிற்சி இல்லை. அந்த விமானத்தில் இருந்த 329 பேரும் இறந்தார்கள். அதனால் பழுது நாட்களின் பதிவேட்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பழுது 3 மணி நேரம், ஆனால் அந்த 3 மணி நேரத்திலும் சரக்கு ஏற்றப்பட்ட அளவு குறையவில்லை என்றால், அது எந்த முறையில் சோதிக்கப்பட்டது என்று ஒவ்வொரு ஏர்வே பில்லாக (விமானச் சரக்குச் சீட்டு) எடுத்துக் கேட்க வேண்டும்.

திருச்சி_கார்கோ:

மேடம், சார், இருவருக்கும் மிக்க நன்றி. பட்டியலை இரண்டு இடத்தில் கேட்கும் விஷயம் ஒன்றே போதும், எங்கள் இடத்தில் என்ன பார்க்கவில்லை என்று புரிந்துவிட்டது. இரண்டு சந்தேகம். கார்கோவில் மட்டும் இருந்த அனுபவத்தை வைத்து வெளிநாட்டு ஆடிட் வேலைகளுக்கு ஏதாவது வழி உண்டா? ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்கு ஏ.சி.சி.3 என்று ஏதோ வேலிடேட்டர் வந்து பார்த்தார். அடுத்தது, ஐ.எஸ்.ஓ. லீட் ஆடிட்டர் கோர்ஸ் செய்தால் பயனுண்டா?

ஷெட்_நம்பர்_3:

கார்கோ கேள்வி என்பதால் எழுதுகிறேன். உங்கள் அனுபவத்துக்கு இருக்கும் மதிப்பு உங்களுக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

ஏ.சி.சி.3 வந்த கதையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2010 அக்டோபரில் ஏமனில் இருந்து அனுப்பிய பிரிண்டர் டோனர் கார்ட்ரிட்ஜ்களுக்குள் பி.இ.டி.என். வெடிமருந்து இருந்தது. ஒன்று துபாயில் பிடிபட்டது, மற்றொன்று இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில். ஈஸ்ட் மிட்லண்ட்ஸில் முதல் தேடலில் அதைக் கண்டுபிடிக்கவில்லை. மறுபடி தேடியபோதுதான் தெரிந்தது. சரக்கு எங்கே ஏறுகிறதோ அந்த இடத்திலேயே சோதனை சரியாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வந்தது. வெளிநாட்டு விமான நிலையத்தில் இருந்து ஐரோப்பாவுக்குச் சரக்கு ஏற்றும் ஏர்லைன், அந்தந்த விமான நிலையத்துக்கும் தனித்தனியாக ஏ.சி.சி.3 என்ற ஒப்புதலைப் பெற வேண்டும். 2014 ஜூலையில் இருந்து அதற்கு நேரடி வேலிடேஷன் கட்டாயம். அது 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். உங்களைப் போன்ற ஏஜென்ட் நிறுவனத்துக்கு வருவது ஆர்.ஏ.3, ஏற்றுமதியாளருக்கு கே.சி.3. பிரிட்டன் இப்போது தனியாகத் தன் ஏ.சி.சி.3 முறையை நடத்துகிறது.

வந்து பார்த்த வேலிடேட்டர் அரசு அதிகாரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஐரோப்பிய உறுப்பு நாடு ஒன்று ஒப்புதல் அளித்த, பார்க்கும் நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனிநபராகவும் இருக்கலாம். அந்த ஒப்புதலை இந்தியாவில் உட்கார்ந்தபடி உடனே பெற்றுவிட முடியாது. பல ஆண்டு அனுபவமும் அந்த நாட்டின் அமைப்போடு தொடர்பும் வேண்டும். ஆனால் அவர்கள் பயன்படுத்தும் சோதனைப் பட்டியல், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/1998 விதியோடு பொதுவில் வெளியாகியிருக்கிறது. தேசியத் திட்டம் கட்டுப்படுத்தப்பட்ட ஆவணமாக இருக்கும்போது, கார்கோ ஆடிட்டைப் படித்துப் பழக இதைவிட நல்ல பொது ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை. உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

அடுத்த ஆர்.ஏ.3 வேலிடேஷனில் உங்கள் நிறுவனத்துக்கு உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் தேவைப்படுவார். அந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். வேலிடேட்டரோடு கூட நடந்து, அவர் கேட்பதை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. ஆனால் அவர் எதை எந்த வரிசையில் கேட்கிறார், எந்தப் பதிலில் நின்று மறுபடி கேட்கிறார் என்று நேரில் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது.

அவர் நிச்சயம் பார்ப்பவற்றில் சிலவற்றை இப்போதே உங்கள் ஷெட்டில் பாருங்கள். உங்கள் ஷெட்டில் சோதித்த சரக்கின் செக்யூரிட்டி டிக்ளரேஷனில் எஸ்.பி.எக்ஸ். என்று எழுதியிருந்தால் சோதனை முறையின் குறியீடும் இருக்க வேண்டும்: எக்ஸ்.ஆர்.ஒய். (எக்ஸ்-ரே), இ.டி.டி. (வெடிமருந்துத் தடயச் சோதனை), பி.எச்.எஸ். (கையால் தேடுவது) என்று. எஸ்.பி.எக்ஸ். என்றால் பயணிகள் விமானத்திலும் போகலாம், எஸ்.சி.ஓ. என்றால் சரக்கு விமானத்தில் மட்டும். இரண்டையும் மாற்றி எழுதுவது அடிக்கடி நடக்கும். அடுத்தது, சோதனை முறை சரக்கின் தன்மைக்குப் பொருந்துகிறதா? எக்ஸ்-ரே திரையில் ஆர்கானிக் பொருள் ஆரஞ்சு, உலோகம் நீலம், இடைப்பட்டவை பச்சை. நெருக்கமாக அடுக்கிய இயந்திர உதிரிபாகமோ, பனிக்கட்டியோடு வரும் மீன் பெட்டியோ கறுப்பாகத்தான் தெரியும். உள்ளே என்ன என்று தெரியாத படத்துக்கு ‘கிளியர்’ என்று கையெழுத்துப் போட முடியாது. வேறு கோணத்தில் திருப்பிப் போட வேண்டும், பிரித்துப் போட வேண்டும், இல்லையென்றால் இன்னொரு முறைக்குப் போக வேண்டும். கறுப்புப் படம் வந்த சரக்குகளுக்கு அடுத்து என்ன நடந்தது என்று பதிவு இருக்கிறதா? பல இடங்களில் அந்தப் பதிவே இருக்காது.

லாரி சீல். ஏற்றுமதியாளரிடம் கிளம்பியபோது சீல் எண் என்ன, வாசலில் இறங்கியபோது எண் என்ன, அதைச் சரிபார்த்தவர் யார், நேரம் என்ன? வழக்கமாக 40 நிமிடத்தில் வரும் வண்டி 2 மணி நேரம் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் அதைப் பற்றி யாராவது கேட்டார்களா? எண் பொருந்தியது என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

ஏர்லைன்களின் இயக்கப் பாதுகாப்பைப் பார்க்கும் ஐயாட்டாவின் ஐயோசா ஆடிட்டில் 8 பிரிவு உண்டு. அதில் கார்கோ ஒன்று, செக்யூரிட்டி ஒன்று. கார்கோ பாதுகாப்பு தெரிந்தவருக்கு இரண்டிலும் வேலை உண்டு. ஆனால் அதற்கு ஏர்லைன் அனுபவம் கேட்பார்கள்; அதனால் இடையில் ஓர் ஏர்லைனின் க்யூ.சி. செல் வழியாகப் போவது நல்லது. ஐ.சி.ஏ.ஓ.-வின் யூசாப் ஆடிட்டர் ஆவது பற்றி யோசிக்க வேண்டாம். அது நாடுகளின் பாதுகாப்பு மேற்பார்வையைப் பார்க்கும் ஆடிட். அதற்கு அரசுதான் ஆளைப் பரிந்துரைக்கும்.

ரன்வே_07:

ஐ.எஸ்.ஓ. பற்றி: லீட் ஆடிட்டர் கோர்ஸ் 5 நாள், 40 மணி நேரம். செய்தால் நன்மைதான். நேர்காணல் நடத்தும் முறை, சாம்பிள் எடுப்பது, திறப்புக் கூட்டம், முடிவுக் கூட்டம் எல்லாம் ஒழுங்காகச் சொல்லித் தருவார்கள். என் கருத்தில் சூப்பர்வைசர் பயிற்சிக்கு முன்னாலேயே செய்துவிடுவது நல்லது. உங்கள் மேலாளருக்கு உங்கள் ஆர்வம் தெரியும்.

மீனாட்சி_க்யூசி:

இதில் சாரோடு நான் ஒத்துப்போகவில்லை. அந்தக் கட்டணத்துக்கு இப்போதைக்கு அவசியமில்லை. ஆடிட் முறை பற்றிய ஐ.எஸ்.ஓ. 19011 வழிகாட்டி ஒரு சின்னப் புத்தகம். அதை வாங்கிப் படித்தாலே அடிப்படை வந்துவிடும். கோர்ஸை க்யூ.சி. செல்லுக்குள் போன பிறகு நிறுவனச் செலவிலேயே செய்துகொள்ளலாம். இப்போது நேரம் செலவழிக்க வேண்டியது எழுத்துக்கு. ஷெட்டில் ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பலருக்கும் தெரியும். அதை எதிர்த்தரப்பு மறுக்க முடியாதபடி 6 வரியில் எழுதத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அறிக்கை ஆங்கிலத்தில்தான் போகும், ஆனால் கடினமான ஆங்கிலம் தேவையே இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள், எண், நேரம், இடம். அவ்வளவுதான்.

‘ஸ்க்ரீனர்கள் சி.டி.பி. சோதனையைச் சரியாகச் செய்வதில்லை’ என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. அடுத்த நிமிடமே ‘எங்கள் ஆட்கள் செய்கிறார்கள், இதோ பதிவேடு’ என்று பதில் வரும். ஒரு கற்பனை உதாரணம் எழுதிக் காட்டுகிறேன்:

‘பாதுகாப்புத் திட்டத்தின் இந்தப் பிரிவின்படி ஒவ்வொரு எக்ஸ்-பிஸ் (எக்ஸ்-ரே சோதனை) இயந்திரமும் பயன்பாட்டுக்கு முன் சி.டி.பி. கொண்டு சோதிக்கப்பட வேண்டும். 12-ஆம் தேதி பதிவேட்டில் 4 இயந்திரங்களுக்கும் 06.00 என்று பதிவாகியுள்ளது. கூடத்தில் 1 சி.டி.பி. மட்டுமே உள்ளது. இயந்திரம் 3-இல் சேமித்த சோதனைப் படத்தின் நேரம் 06.41. அதே இயந்திரத்தில் முதல் சரக்கின் படம் 06.12. இயந்திரம் 4-இல் அன்றைய தேதிக்குச் சோதனைப் படம் இல்லை. இயந்திரக் கடிகாரங்கள் சரிபார்க்கப்பட்டன. வேறுபாடு 1 நிமிடத்துக்குள்.’

கவனியுங்கள், யாரையும் திட்டவில்லை. விதி என்ன, கண்டது என்ன, எந்தச் சான்று. கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் ‘கடிகாரம் தப்பு’ என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள்.

பிறகு திருத்த நடவடிக்கை கேட்பீர்கள். 10-க்கு 8 இடத்தில் ‘சம்பந்தப்பட்ட ஊழியருக்கு அறிவுரை வழங்கப்பட்டது’ என்று பதில் வரும். ஏற்காதீர்கள். ஏன் நடந்தது என்று கேட்டுக்கொண்டே போங்கள். இந்த உதாரணத்தில் ஷிஃப்ட் 06.00-க்கு மாறுகிறது, லாரிகள் 05.45-க்கே வரிசையில் நிற்கின்றன, சோதனைப் பெட்டி ஒன்றுதான், ஒரு இயந்திரத்துக்குச் சோதனை முடிக்கக் கிட்டத்தட்ட 8 நிமிடம் ஆகிறது. 4 இயந்திரத்தையும் 06.00-க்குள் முடிக்கவே முடியாது. ஸ்க்ரீனருக்கு அறிவுரை சொல்லி இது தீருமா? இன்னொரு சி.டி.பி. வாங்க வேண்டும், அல்லது 2 பேரை 05.25-க்கு வரச்சொல்லி ரோஸ்டர் மாற்ற வேண்டும், அல்லது முதல் அரை மணி நேரம் 2 இயந்திரத்தில் மட்டும் சரக்கு ஏற்ற வேண்டும். இவற்றில் எது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு சொல்லாமல் ஒரு காலையில் போய் மறுபடி பாருங்கள். அதைப் பார்க்காமல் ஃபைண்டிங்கை மூடினால், அடுத்த ஆண்டு அதே ஃபைண்டிங்கை நீங்களே எழுதுவீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நீங்கள் இருக்கும் ஷிஃப்ட்டையோ, நீங்களே பொறுப்பாக இருக்கும் பகுதியையோ ஆடிட் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்பவரே அதை ஆடிட் செய்யக்கூடாது என்பது அன்னெக்ஸ் 17-இன் அடிப்படை. சின்ன நிறுவனங்களில் ஆள் இல்லை என்று இதை அடிக்கடி மீறுவார்கள். வெளியில் இருந்து ஆடிட் வரும்போது முதலில் மாட்டுவது இதுதான்.

நெட்வொர்க்_சிவா:

ஒன்று சேர்க்கிறேன். 2023 விதிகளில் கணினி, தகவல் தொடர்பு அமைப்புகளின் பாதுகாப்பும் வந்துவிட்டது. இந்தப் பகுதியைத் தைரியமாகப் பார்க்கும் அவ்செக் ஆடிட்டர்கள் மிகக் குறைவு. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவருக்கு இது கடினமில்லை. ஏ.இ.பி. நுழைவுக் கட்டுப்பாட்டு சர்வரில் யார் யாருக்கு அட்மின் உரிமை இருக்கிறது, கேமராக்களில் தயாரிப்பாளர் கொடுத்த கடவுச்சொல் மாற்றப்பட்டதா, எக்ஸ்-ரே இயந்திரத்தைப் பழுதுபார்க்க வரும் வெண்டார் எந்த யூ.எஸ்.பி.யைச் செருகுகிறார், அதை யார் அனுமதித்தார் என்று இந்த மூன்றைக் கேட்கத் தெரிந்தாலே க்யூ.சி. செல்லில் உங்களுக்கு இடம் கிடைக்கும். நெட்வொர்க் அடிப்படை ஒன்றை ஓய்வு நேரத்தில் படியுங்கள்.

ஷெட்_நம்பர்_3:

ரெஸ்யூமே எழுதும்போது ஜாக்கிரதை. எந்த இடத்தில் என்ன ஃபைண்டிங் கிடைத்தது, எந்த டெஸ்ட்டில் எத்தனை தோல்வி என்று எழுதி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அது பாதுகாப்புத் தகவல். வாசிக்கும் மேலாளர் அந்தத் தாளை அங்கேயே மூடிவிடுவார், இவர் நாளை நம் விஷயத்தையும் வெளியே சொல்வார் என்று. லிங்க்ட்இனில் ஷெட்டுக்குள் எடுத்த புகைப்படம், ஏ.இ.பி. அட்டை தெரியும் செல்ஃபி எல்லாவற்றையும் இன்றே எடுத்துவிடுங்கள். எந்த வகை ஆடிட்டில் என்ன பொறுப்பு, எந்தத் தரநிலை, எந்தப் பயிற்சி, காலாவதி தேதி என்ன என்று மட்டும் எழுதினால் போதும்.

சான்றிதழ் தேதிகளையும் பாருங்கள். ஸ்க்ரீனர் சான்றிதழை விட்டுவிட்டு க்யூ.சி.க்குப் போக நினைக்காதீர்கள். புதுப்பிப்புத் தேதியைத் தாண்ட விடாதீர்கள். திரையைப் படிக்கத் தெரிந்த ஆடிட்டரிடம் ஸ்க்ரீனர்கள் கதை விட மாட்டார்கள். அந்த மதிப்பை இழக்க வேண்டாம்.

திருச்சி_கார்கோ:

எல்லோருக்கும் நன்றி. ஆன்லைன் வகுப்பை விட்டுவிட்டேன். 2015/1998 பட்டியலை இறக்கி ஆர்.ஏ.3 பகுதியில் இருந்து தொடங்குகிறேன். கறுப்புப் படம் வந்த சரக்குக்கு எங்கள் ஷெட்டில் தனிப் பதிவு இல்லை என்பது உண்மைதான். அதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது? புகார் போல் ஆகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

மீனாட்சி_க்யூசி:

புகாராகச் சொல்லாதீர்கள். 5 கட்டம் உள்ள ஒரு பக்கப் படிவம் தயார் செய்யுங்கள்: ஏர்வே பில் எண், நேரம், ஏன் படம் தெளிவில்லை, அடுத்து செய்த சோதனை முறை, கையெழுத்து. ‘ஆர்.ஏ.3 வேலிடேஷனில் இதைக் கேட்பார்கள் சார், எங்கள் ஷிஃப்ட்டில் ஒரு வாரம் முயற்சி செய்து பார்க்கவா?’ என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் எத்தனை கறுப்புப் படம் வருகிறது, எந்த வகைச் சரக்கில் அதிகம் என்று எண்ணிக்கை கையில் இருக்கும். மறக்காமல் படிவத்தின் அசலை ஷெட்டிலேயே வையுங்கள், உங்கள் கைபேசியில் படம் எடுக்க வேண்டாம்.